காலி நாற்காலிகள்

கியரோஸ்தாமியின் படங்களில் பின்னணி இசை அநேகமாக இல்லை என்பது நம்மிடையே ஒரு புகழ்ச்சிக் குறிப்பாகவே பழகிவிட்டது. அழவைக்க வயலினைக் கூப்பிடாத கலைஞன் மேல் மரியாதை வருவது நியாயம்தான். ‘ஆலிவ் மரங்களினூடே’ (1994) படத்தின் கடைசியில், தூரத்து வயலில் இரண்டு புள்ளிகளாகத் தேய்ந்துவிடும் பையனும் பெண்ணும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நமக்குக் கேட்பதில்லை. அங்கே சிமரோஸாவின் ஓபோ வருகிறது. ‘செர்ரியின் சுவை’ (1997) முடிவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட். எதுவரை பொறுப்பது, எப்போது திறப்பது என்று தீர்மானித்தவர் அவர்.

இந்த மௌனத்தை ரஸிக்கக் கற்ற காதுடன்தான் ஷிரின் நெஷாத்தின் ‘டர்புலன்ட்’டை (1998) அணுகினேன். எதிரெதிராக இரண்டு திரைகள். பார்ப்பவன் நடுவில் நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒன்றில் ஓர் ஆண், ஆண்கள் நிறைந்த சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரூமியின் கவிதையைப் பாடுகிறான். (உதடுதான் அவனுடையது, குரல் ஷஹ்ராம் நஸேரியுடையது.) கைதட்டல். மற்றதில் கறுப்பு உடையில் ஒரு பெண். முன்னால் காலி நாற்காலிகள். அவன் முடித்தபின் சூசன் டெய்ஹிம் தொடங்குகிறார். சொல்லே இல்லை. மூச்சு, விம்மல், கூவல். பாடி முடித்தவன் எதிர்த்திரையில் ஸ்தம்பித்து நிற்கிறான். 1999இல் வெனிஸ் பியெனாலேயில் நெஷாத்துக்குப் பரிசு.

அந்தக் காலி அரங்கு மகத்தான படிமம். என் சங்கடமும் அதுதான்.

1979க்குப் பின் ஈரானில் ஆண்கள் இருக்கும் சபையில் பெண் தனித்துப் பாடக் கூடாது. பெண்களுக்கு மட்டும் பாடலாம், கோரஸில் கலந்துகொள்ளலாம். வெனிஸில் நாற்காலிகளின் வெறுமையை வியந்துகொண்டிருந்தபோது கூகூஷ் ஈரானில் இருந்தார். எழுபதுகளில் சினிமாவிலும் பாட்டிலும் அந்நாடு கொண்டாடிய பெண். 2000இல் டொராண்டோவில் மேடையேறும்வரை 21 வருஷம் பாடவில்லை. 29 வயதில் நின்ற குரல் 50இல் திரும்பிற்று. இடையில் அது என்னவாக இருந்தது என்பதை எந்த மேடையும் அறியவில்லை. அந்த மௌனத்துக்கு எதிர்த்திரை கிடையாது. திகைத்து நிற்க ஓர் ஆணும் கிடையாது.

நெஷாத்தைக் குறை சொல்லவில்லை. என் ரஸனையைத்தான் சந்தேகிக்கிறேன். தடை இல்லையேல் அந்தப் படிமம் இல்லை. அதன் அழகில் தடைக்கும் ஒரு பங்குண்டு. அந்தப் பங்கையும் சேர்த்தே அனுபவித்திருக்கிறேன். கியரோஸ்தாமி தேர்ந்துகொண்ட மௌனமும் கூகூஷின் மேல் விழுந்த மௌனமும் என் காதுக்கு ஒரே ‘சிக்கனமாக’க் கேட்டிருக்கின்றன. கலைக்குக் கட்டுப்பாடு நல்லது என்கிறோம். யாப்பைப் பற்றிச் சொல்லவேண்டியதைப் போலீஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம்.

2024 டிசம்பரில் பரஸ்தூ அஹ்மதி என்ற பாடகி பழைய வணிகச் சத்திரம் ஒன்றின் முற்றத்தில், தலையை மறைக்காமல், நான்கு ஆண் வாத்தியக்காரர்களுடன் பாடி யூடியூபில் வெளியிட்டார். எதிரே ஒருவரும் இல்லை. சில நாட்களில் கைதானார், பிறகு விடுவித்தார்கள். டெய்ஹிமைப்போல் இவர் சொல்லைக் கைவிடவில்லை. நாட்டுக்காக இறந்த இளைஞர்களைப் பற்றிய ஒரு பழைய பாட்டும் அதில் உண்டு.

கலை என்று பார்த்தால் ‘டர்புலன்ட்’தான் பெரிது, இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதைப் பார்த்துவிட்டு அதை மறுபடி போட்டபோது, அந்த நாற்காலிகளை எண்ணத் தொடங்கிவிட்டேன். பாட்டு எப்போது முடிந்தது என்று கவனிக்கவில்லை.