இடுகாடும் சுடுகாடும்

தமிழிலே இறந்தோர் சென்றடையும் இடத்துக்கு இரு பெயர்கள் உண்டு. உடலை எரிக்கும் இடம் சுடுகாடு; புதைக்கும் இடம் இடுகாடு. இன்றைய பேச்சு வழக்கில் ஒன்றுக்கு மற்றொன்று மாறி வழங்கினும், இச்சொற்களைப் படைத்த சமூகம் இரு வழக்கங்களையும் அறிந்திருந்தது என்பதற்கு அவையே சான்றாகும். இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் வினா அண்மையில் எங்கள் வீட்டு வாசலிலேயே எழுந்தது. அதுவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

பசறையை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் எனது அப்பாயி காலமானார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர் அவர். தாத்தாவைப் புதைத்த இடத்துக்கு அருகிலேயே தம்மையும் புதைக்க வேண்டும் என்று பலமுறை சொல்லி வைத்திருந்தார். கொழும்பிலிருந்து வந்த சித்தப்பாவோ, நகரத்துக்குக் கொண்டுசென்று தகனம் செய்வதே முறை என்றார். எரிப்பதே சைவர்களுக்குரிய வழக்கம். புதைப்பது வறுமையால் வந்த பழக்கம். தோட்டத்து மயானத்தில் இடமில்லை. மழைக்காலத்தில் அங்கே மண் கரைந்தோடுகிறது. நாளை அந்நிலத்தில் தேயிலைக் கன்று நட்டால் குழி இருந்த இடமே தெரியாமற் போய்விடும். இவை அவரது வாதங்கள். உடல் லயத்துக்குள்ளே கிடக்க, வாசலில் நின்று பெரியவர்கள் நெடுநேரம் விவாதித்தார்கள். அன்று எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு எழுத முனைகின்றேன்.

முதலில் மரபு பற்றிய வாதத்தை நோக்குவோம். தமிழர் மரபு ஒரே முறையை வற்புறுத்துவதாகக் கூறுவதற்கில்லை. மணிமேகலை காப்பியம் புகார் நகரத்து ஈமக்காட்டை வருணிக்குமிடத்து, எரித்தல், வெறுமனே இட்டுவிடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடங்களில் வைத்து அடைத்தல், தாழியினால் கவித்தல் என ஐந்து வகையினரைக் குறிப்பிடுகின்றது. ஒரே நகரத்தில், ஒரே எல்லைக்குள், ஐந்து முறைகள்! ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தாழிகளும், நம் நாட்டிலே பொம்பரிப்பில் கிடைத்த தாழிகளும் அக்காப்பியத்துக்கும் முற்பட்ட வழக்கத்தைக் காட்டுகின்றன. பிற்காலத்திலும் குழந்தைகளையும் துறவிகளையும் எரிக்காமற் புதைக்கும் வழக்கம் சைவரிடையே நிலைத்தது. வீரசைவர்கள் எல்லோரையுமே புதைக்கின்றனர். ஆகவே, புதைப்பது மரபுக்கு மாறானது என்ற கூற்று நிலைபெறாது. எரிப்பதும் அவ்வாறே, அதுவும் தொன்மையான மரபே. மரபை மட்டும் துணைக்கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க முடியாது.

இனி, இயற்கை என்ன சொல்கிறது எனக் காண்போம். மனித உடலின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீராகும். ஆதலின் தகனத்தின் முதற்படி எரிதல் அன்று; உலர்தலே. நீர் ஆவியாக வெளியேறிய பின்னரே தசையும் கொழுப்பும் நன்கு எரியத் தொடங்குகின்றன. கொழுப்பு தானே எரிபொருளாகி நெருப்புக்குத் துணைபுரிகின்றது. வாயுவினாலோ மின்சாரத்தினாலோ இயங்கும் தகன உலையில் வெப்பநிலை பொதுவாக 800 முதல் 1000 பாகை செல்சியஸ் வரை இருக்கும். ஒன்றரை முதல் இரண்டு மணிநேரத்தில் பணி முடிந்துவிடும். திறந்தவெளிச் சிதையில் வெப்பம் நாற்புறமும் சிதறுவதால் பல மணிநேரமும் பல நூறு கிலோகிராம் விறகும் வேண்டப்படும். சிதையிலே பிணம் எழுந்து உட்காரும் என்று அஞ்சுவோர் உளர். வெப்பத்தால் தசைகள் சுருங்கக் கைகால்கள் மடங்குவதன்றி அதில் வேறொன்றுமில்லை. முடிவில் எஞ்சுவது எலும்பின் கனிப்பொருளாகிய கல்சியம் பொஸ்பேற்று. வளர்ந்த ஒருவருக்கு அது இரண்டு முதல் மூன்று கிலோகிராம் வரை தேறும். நாம் சாம்பல் என்று கூறி நீரிலே கரைப்பது பெரும்பாலும் வெந்த எலும்பின் துகள்களையே.

புதைகுழியில் நடப்பதும் சிதைவுதான். காலம் மட்டுமே வேறு. இதயம் நின்ற சில மணிநேரத்துக்குள்ளேயே உடலின் கலங்களை அவற்றின் நொதியங்களே சிதைக்கத் தொடங்குகின்றன. குடலில் வாழ்ந்த பற்றீரியாக்கள் அப்பணியைத் தொடர்கின்றன. குழியின் ஆழம், ஈரம், வளி, வெப்பம் ஆகியவற்றுக்கு ஏற்ப மென்மையான பகுதிகள் மறைய மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். எலும்பு மட்டும் நெடுங்காலம் நிற்கும். ஆனால் அதுவும் மண்ணின் இயல்பைப் பொறுத்தது. தேயிலை அமில மண்ணை நாடும் பயிர், பி.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணே அதற்கு உகந்தது. அத்தகைய மண் எலும்பையும் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். சிதை எலும்பையேனும் மிச்சம் வைக்கின்றது. தேயிலை மண்ணோ காலப்போக்கில் அதையும் தன்னுள் ஏற்றுக்கொள்கின்றது.

பயன் நோக்கில் ஒப்பிட்டாலும் இரு பக்கமும் கணக்கு உண்டு. தகனம் நிலத்தை மிச்சப்படுத்தும். ஆனால் விறகையோ வாயுவையோ விழுங்கிப் புகையைக் கக்கும். அடக்கத்துக்கு எரிபொருள் வேண்டாம். ஆனால் நிலம் வேண்டும், நீர்நிலையிலிருந்து தூரமும் வேண்டும். நெரிசல் மிக்க நகரத்துக்கு ஒன்று பொருந்தலாம், பரந்த நாட்டுப்புறத்துக்கு மற்றொன்று பொருந்தலாம். இதற்கு மேல் இயற்கை விஞ்ஞானம் நமக்குத் தீர்ப்பு வழங்காது.

மரபும் விஞ்ஞானமும் கைவிட்ட இடத்திலிருந்தே அறம் பற்றிய வினா தொடங்குகின்றது. அதனை விளங்கிக்கொள்ளத் தோட்டத்து மக்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து வந்த எம் முன்னோருக்கு நிலம் சொந்தமில்லை. குடியிருந்த காம்பிராவும் துரையினது. விறகு வெட்டிய காடும் துரையினது. சிதைக்கு வேண்டிய விறகு கிடைத்தற்கரியது. மண்வெட்டி மட்டும் எல்லோர் கையிலும் இருந்தது. புதைப்பது வறுமையால் வந்தது என்று சித்தப்பா கூறியதில் இவ்வளவு உண்மை உண்டு. எனினும், ஒரு வழக்கம் எதனால் தோன்றியது என்பது ஒன்று. அது மக்களுக்குக் காலப்போக்கில் என்ன பொருளைத் தந்தது என்பது வேறொன்று. சாம்பலைக் கலசத்திலிட்டு எங்கும் கொண்டுசெல்லலாம். புதைகுழியை எடுத்துச் செல்ல முடியாது. நெருப்பு உயிரோடிருப்பவரை இடத்தினின்றும் விடுவிக்கின்றது. மண் அவரை இடத்தோடு பிணைக்கின்றது. நிலமே இல்லாத மக்கள், நிலத்தோடு பிணைக்கும் முறையைத் தமதாக்கிக்கொண்டனர். உறுதிப்பத்திரத்தில் ஓரடியேனும் இல்லாதவர்க்கு ஆறடிக் குழியே பத்திரமாயிற்று.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் முடிவுசெய்தது. பதுளையிலிருந்தும் குடும்பங்கள் புகையிரதமேறின. அவர்கள் பாத்திரம் பண்டங்களைக் கொண்டுசென்றனர்; குழிகளை விட்டுச் சென்றனர். எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பெரிதும் தீர்ந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே அவர்களுடைய பெற்றோர் இந்நாட்டு மண்ணாகவே மாறிவிட்டிருந்தனர். அப்பாயி தம் விருப்பத்தைச் சொன்னபோது இந்த வரலாறு முழுவதும் அவர் வாயிலிருந்து வந்ததென நான் இப்போது எண்ணுகின்றேன்.

இவ்விடத்தில் ஒருவர் மறுக்கலாம். இறந்தவருக்கு உணர்வில்லை; உணர்வில்லாதவரின் விருப்பத்துக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்? பிளேட்டோவின் ‘பீடோ’ உரையாடலில் இதற்கு நிகரான கட்டம் ஒன்று வருகின்றது. நஞ்சருந்தப் போகும் சோக்கிரட்டீஸை நோக்கி, தங்களை எவ்வாறு அடக்கம் செய்வது என நண்பர் கிரிட்டோ கேட்கின்றார். சோக்கிரட்டீஸ் சிரிக்கின்றார். நீங்கள் அடக்கம் செய்யப் போவது என் உடலையே அன்றி என்னை அன்று. ஆதலால் உங்களுக்கு விருப்பமானவாறு செய்யுங்கள் என்னும் கருத்துப்பட விடையளிக்கின்றார். இதனைக் கொண்டு, எம்முறையாயினும் ஒன்றே என்று வாதிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கிரிட்டோ கேட்டார் என்பதே அது. ‘விருப்பமானவாறு செய்க’ என்று சொல்லும் உரிமை சோக்கிரட்டீஸுக்கே இருந்தது. அவர் பொருட்டுச் சிறைக்காவலர் அதனைச் சொல்லியிருந்தால் அது ஞானமாக இராது, கொடுமையாகவே இருக்கும்.

இது வெறும் கற்பனையன்று. பசறையிலிருந்து லுணுகலை, பிபிலை வழியாகக் கீழிறங்கும் பெருந்தெரு செங்கலடியில் மட்டக்களப்பு வீதியைச் சந்திக்கின்றது. அங்கிருந்து வடக்கே சென்றால் ஓட்டமாவடி. கொவிட் நோயால் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டுமென 2020 ஏப்பிரலில் நம் நாட்டில் ஆணை பிறந்தது. எரிக்கலாம் அல்லது புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது. ஆயினும், புதைத்தலைச் சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்களின் உடல்கள், உறவினர் வேண்டாமென்று மன்றாடவும் எரிக்கப்பட்டன. பிறந்து இருபதே நாட்களான குழந்தை ஒன்றும் அவற்றுள் அடங்கும். 2021 பெப்ரவரி இறுதியில் ஆணை திருத்தப்பட்டு, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 யூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எந்த நெருப்பு ஒரு சைவக் குடும்பத்துக்கு ஆறுதலளிக்கின்றதோ, அதே நெருப்பு, அதே வெப்பநிலை, அங்கே தீராத காயமாயிற்று. வேறுபாடு நெருப்பில் இல்லை.

மண்ணுக்கும் இது பொருந்தும். நமது பதுளை மாவட்டத்திலேயே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அவர்களும் மண்ணுக்குள்ளேதான் இருக்கின்றனர். அதுவும் எந்தக் குழியினும் ஆழமாக. ஆயினும் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர் என்று எவரேனும் சொல்வரா? சேற்றைத் தோண்டி உடல்களைத் தேடியதன் பொருள், கண்டெடுத்தவரை மீண்டும் மண்ணுக்குள்ளேயே வைப்பதற்காகத்தான். பௌதிக நோக்கில் இது வீண் வேலை. ஆனால் தேடியவர் எவரும் அதை வீணென்று கருதவில்லை. ஏனெனில் அடக்கம் என்பது மண் உடலுக்குச் செய்வது அன்று. மனிதர் மனிதருக்குச் செய்வது. முகம் பார்த்து, நீராட்டி, பெயர் சொல்லி அழுது, தம் கையால் பிடி மண் இடும்போதுதான் மண்மூடல் அடக்கமாகின்றது. அவ்வாறு கொள்ளி இடும்போதுதான் எரிதல் தகனமாகின்றது.

ஆகவே, சுடுவதா இடுவதா என்னும் வினாவுக்கு எல்லோர்க்கும் பொதுவான விடை இல்லை என்றே கருதுகின்றேன். பொதுவான கடமைகள் உண்டு. இறந்தவர் சொல்லிச் சென்றதைக் கேட்பது முதலாவது. அவர் சொல்லாதவிடத்து, அவரை நேசித்தோர் தம் வழக்கப்படி செய்ய இடமளிப்பது இரண்டாவது. உயிரோடிருப்போரின் நீரையும் நிலத்தையும் கெடுக்காதிருப்பது மூன்றாவது. இம்மூன்றாவதை முன்னிட்டு முதலிரண்டையும் மட்டுப்படுத்த வேண்டி வரலாம். ஆனால் அதற்கு உண்மையான கேடு காட்டப்படல் வேண்டும். அச்சமோ வெறுப்போ போதாது.

அப்பாயியைத் தாத்தாவுக்கு அருகிலேயே புதைத்தோம். சித்தப்பாவே குழியை அளந்து கொடுத்தார். பிடி மண் போடும்போது அவர் கை நடுங்கியதைக் கண்டேன். அவருடைய வாதங்களுள் ஒன்றுக்கு மட்டும் என்னால் இன்றும் விடை கூற முடியவில்லை. நாளை அங்கே கன்று நட்டால் என்ன செய்வது? தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. எவர் கைக்கு மாறினும் எங்கள் மயானத்துக்கு எல்லைக்கல் ஒன்று நடப்படவில்லை. அவ்விடம் இன்னமும் தோட்டத்து நிலமே. இறந்தோரின் விருப்பத்தை ஒரு நாள் நிறைவேற்றிவிட்டு மறந்துவிடுவது பாதிக் கடமையே. வேலியிட்ட, பெயர் குறித்த, எவரும் கிளற முடியாத இடுகாடு ஒவ்வொரு தோட்டத்துக்கும் வேண்டும். எரிக்க விரும்புவோர்க்கு எட்டும் தூரத்தில் சுடுகாடும் வேண்டும். அது கிடைக்கும்வரை, மழை பெய்யும் ஒவ்வோர் இரவிலும் அந்தச் சரிவை நினைத்துக்கொண்டே உறங்க வேண்டியவர்களாக நாம் இருக்கின்றோம்.