கைந்நூலும் கட்சிக்காரரும்

சட்டம் பயிலப் புகும் மாணவன் முதலிற் கையிலெடுப்பது பெரும்பாலும் சட்ட நூலன்று. சட்டத்தைச் சுருக்கி விற்கும் வினாவிடைக் கைந்நூலே. மட்டக்களப்பு வாவிக்கரையூர் மாணவரும் இதற்கு விலக்கல்லர். இதனைச் சோம்பல் என்று இகழ்தல் எளிது. ஆயின், மேல்நீதிமன்றத் தீர்ப்புகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள; சட்டக் கல்லூரியும் அதன் நூலகமும் கொழும்பில் உள. தமிழ்மொழிமூலம் கற்ற ஏழை மாணவனுக்குக் கைந்நூல் ஓர் ஏணி. (விற்போரைக் குறைகூறவும் இடமில்லை, கேட்கப்படுவதையே அவர்கள் விற்கின்றனர்.)

சுருக்கம் என்பதனாலேயே ஒரு நூல் இழிந்ததாகிவிடாது. கி.பி. 533இல் ஜஸ்டினியன் வெளியிட்ட 'இன்ஸ்டிடியூட்ஸ்' முதலாண்டு மாணவர்க்கென ஆக்கப்பட்ட பாடநூலே. அஃது உரோமப் பேரரசில் சட்டவலுவும் பெற்றது.

அங்ஙனமாயின் தவறு யாது? முக்குவர் சட்டத்தை நோக்குவோம். மட்டக்களப்பு முக்குவரிடையே முதுசம் தாய்வழியே, சகோதரியின் மக்களைச் சென்றடையும் மரபு நிலவிற்று. மரபுரிமை பற்றிய 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பொதுச் சட்டத்துக்கு அளித்தது. பரீட்சைக்கு இவ்வளவு போதும். கைந்நூலில் இதற்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. அவ்வாண்டிலேயே கிறிஸ்டோபர் பிரிற்றோ அம்மரபைச் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். அதுவும் சுருக்கமே; எனினும், மறையவிருந்ததை மறையாது காத்த சுருக்கம்.

சட்டம் மாறிற்று, வீடு மகளுக்கு என்னும் வழக்கம் மாறவில்லை. தாய் இறந்தபின் ஒரு பெண் சட்டத்தரணியை நாடி வருகின்றாள் என்க. கலியாணத்தின்போது தனக்கென்று பேசப்பட்ட வீட்டில் அவள் இருபது ஆண்டுகளாக வாழ்கின்றாள், உறுதி எழுதப்படவில்லை, தம்பி பங்கு கேட்கின்றான். பிள்ளைகள் அனைவர்க்கும் சமபங்கு என்பது கைந்நூல் தரும் விடை. அவ்விடை பிழையன்று. ஆயினும், அதனை மட்டும் அறிந்தவன் தம்பியின் பேராசையையோ தமக்கையின் அறியாமையையோ காண்பான். கலியாணப் பேச்சில் யார் இருந்தனர், தம்பிக்கு வயற்காணி ஏதும் முன்னரே கொடுபட்டதா, ஊர்ப்பெரியோர் முன்னிலையில் இணக்கம் காணலாகுமா என்று வினவ அவனுக்குத் தோன்றாது.

அறவினா இங்கேதான் எழுகின்றது. குறுக்குவழியைத் தெரிந்தெடுத்தவன் மாணவன். அதன் பயனாகிய சித்தியும் அவனுக்கே. இழப்போ அந்நூலைக் கண்ணாலும் காணாத ஒருத்திக்கு. தன் அம்மம்மாவின் வீடு எவ்வாறு அம்மாவுக்கு வந்தது என்று அம்மாணவன் வீட்டில் ஒருமுறை கேட்டிருப்பின், அவளிடம் வினவவேண்டியவற்றை அன்றே அறிந்திருப்பான்.