வீரன் யார்?

விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் 'மன உறுதி' என்ற சொல்லை அடிக்கடி கையாளுகின்றனர். உடல் வலிமையில் ஒத்த இருவரில் ஒருவன் வெல்வதும் மற்றவன் தோற்பதும் அதனால்தான் என்கின்றனர். அந்த உறுதி எல்லா ஆட்டத்திற்கும் ஒன்றுதானா? ஓரிடத்தில் அசையாது நிற்பவன் எல்லா இடத்திலும் அப்படியே நிற்பானா?

மார்க்க மேதைகள் பொறுமையை, அதாவது ஸப்ரை, மூன்றாகப் பிரித்துக் காட்டியுள்ளார்கள். துன்பத்தைத் தாங்குவது ஒன்று. கடமையில் நிலைத்து நிற்பது ஒன்று. பாவத்தை விட்டுத் தன்னைத் தடுத்துக் கொள்வது மற்றொன்று. விளையாட்டுக் களத்திலும் இம்மூன்றையும் காண்கிறோம்.

பொம்மிடியிலுள்ள நமக்கு அண்டை மாவட்டம் சேலம். அங்கே பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பஸ் ஏறி அவருடைய வலக்கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்று வளர்த்தார். அவர் தேர்ந்தெடுத்ததோ உயரம் தாண்டுதல்! தொடர்ந்து மூன்று முறை தவறினால் அதில் ஆட்டம் முடிந்தது. ஆகவே முதல் பரிசு பெறுபவர்கூடப் பெரும்பாலும் கம்பைத் தட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறார். பாராலிம்பிக் போட்டிகளில் மாரியப்பன் 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். 2021-ல் டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி. 2024-ல் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். பதக்கத்தின் தரம் இறங்கியதே என்று அவர் களத்தை விட்டு ஓடவில்லை. இது துன்பத்தில் பொறுமை.

கூடைப்பந்து வீரர் ஹகீம் ஒலாஜுவான் நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆடியவர். ஓடி ஆடித் தொண்டை வறளும் அந்த ஆட்டத்தை ரமளானில் நோன்பு வைத்துக் கொண்டே ஆடினார். 1995-ல் பிப்ரவரி மாதம் ரமளானாக அமைந்தது. அம்மாதத்தின் சிறந்த வீரராக அவரே தேர்வானார். இது கடமையில் பொறுமை.

மூன்றாவதுதான் கடினமானது. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். ஏழாவது நிமிடத்தில் பிரான்சின் ஜிடான் பெனால்டிப் பந்தைப் பதற்றமின்றி மெல்லத் தூக்கியடித்துக் கோல் போட்டார். உலகமே பார்த்திருக்க, என்ன நிதானம்! அதே மனிதர் கூடுதல் நேரத்தில், எதிரணி வீரர் சொன்ன வசைச் சொல்லைப் பொறுக்காது, அவர் மார்பில் தலையால் முட்டி வெளியேற்றப்பட்டார். பிரான்ஸ் தோற்றது. அவரை இகழ இதை எழுதவில்லை. ஒரு வகை உறுதி உள்ளவரிடம் மற்றொரு வகை இருந்தே தீரும் என்பதில்லை என்பதற்கே சொன்னோம். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துவதைவிடக் கோபத்தில் தன்னை அடக்குவதையே வீரமாக நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததன் நுட்பம் இங்கே விளங்குகிறது.

நம் வீடுகளைப் பார்ப்போம். முப்பது நோன்பையும் விடாது நோற்றவர், கஞ்சி ஆறிப்போனதற்காக மனைவியிடம் சீறுகிறார். கடையில் வாடிக்கைக்காரர் என்ன பேசினாலும் சிரித்துப் பொறுப்பவர், பெற்ற பிள்ளையின் ஒரு சொல்லுக்குக் கை ஓங்குகிறார். கடைவாசலில் முடிந்த பொறுமை வீட்டு வாசலில் முடியாதா? அங்கே இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது, இங்கே தெரிவதில்லை. அவ்வளவே வேறுபாடு.

பள்ளி விளையாட்டு விழாவிலிருந்து திரும்பும் பிள்ளையிடம், "எத்தனையாவது வந்தாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "உன்னை ஏசினவனிடம் எப்படி நடந்து கொண்டாய்?" என்றும் கேளுங்கள். எது வீரம் என்பதை அந்தக் கேள்வியே அதற்குக் கற்றுக் கொடுக்கும்.

மூவகைப் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.