கொடையா, கடனா?

கொடுக்கும் கை ஒன்றேயாயினும் கொடுப்பதன் பொருள் எப்போதும் ஒன்றன்று. இரப்பவனுக்கு இடுவதும் கொடுத்தல்தான். வாங்கிய கடனைத் திருப்பித் தருவதும் கொடுத்தல்தான். முன்னதில் கொடுப்பவனுக்குப் புகழ் உண்டு. பின்னதில் புகழுக்கு இடமில்லை; கொடாதிருந்தால் பழி மட்டுமே உண்டு. ஓர் அரசு தன் மக்களுள் சிலருக்குக் கல்லூரிக் கட்டணத்தை நீக்கித் தரும்போது, அச்செயல் இவ்விரண்டனுள் எவ்வகையைச் சேரும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாநிலங்கள் பலவற்றில் நடைமுறையில் உள்ள இருவகைக் கல்வி உதவிகள் இவ்வினாவை எழுப்புகின்றன.

முதலாவது, படைவீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உரியது. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, 1944ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூசவெல்ட் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். போரிலிருந்து மீளும் வீரர் கல்வி கற்க அரசு பொருள் தரவேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. 1956ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதனால் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். மாநிலங்களும் தம் பங்குக்குச் சட்டங்கள் இயற்றின. டெக்சஸ் மாநிலத்தின் ஹேசல்வுட் சட்டம், தகுதியுடைய முன்னாள் வீரருக்கு அரசுக் கல்லூரிகளில் 150 பாட அலகுகள் வரை கட்டண விலக்கு அளிக்கிறது. வீரர் பயன்படுத்தாது விட்ட அலகுகளை அவர்தம் பிள்ளை பெறவும் 2009ஆம் ஆண்டில் வழி செய்யப்பட்டது.

இரண்டாவது, பெற்றோரின் கொடுமையாலோ புறக்கணிப்பாலோ வழக்குமன்றத்தின் ஆணைப்படி வீட்டினின்று பிரிக்கப்பட்டு, அரசின் பொறுப்பில் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உரியது. இத்தகையோர்க்கு அரசுக் கல்லூரிக் கட்டணத்தை நீக்கும் சட்டத்தை டெக்சஸ் 1993ஆம் ஆண்டில் இயற்றியது. வேறு பல மாநிலங்களிலும் இத்தகைய ஏற்பாடுகள் உள்ளன. நடுவண் அரசும் 1999ஆம் ஆண்டில் இவர்களுக்கென ஒரு சட்டம் செய்து, பின்னர் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை கல்விக்கு வழங்க வகை செய்தது.

இவ்விரு உதவிகளையும் உலகியல் நோக்கு வேறுவேறாக எடை போடுகிறது. முன்னதைப் பரிசு என்கிறது. பின்னதை இரக்கம் என்கிறது. வீரரின் மகன் தலைநிமிர்ந்து பெறலாம். பெற்றோரைப் பிரிந்த பிள்ளையோ கைகட்டிப் பெறவேண்டும் என எண்ணுகிறது. இவ்வேறுபாடு அறத்தின்பாற்பட்டதா? வீரர் போர்க்களம் கண்டார் என்பது உண்மை. ஆயின், அவர் பிள்ளை கண்டதில்லை. அப்பிள்ளை பெறுவது தன் தகுதியால் விளைந்த பரிசன்று. அவ்வாறே, பெற்றோரைப் பிரிந்த பிள்ளை பட்ட துன்பமும் தன் குற்றத்தால் விளைந்ததன்று. தகுதியை அளவுகோலாகக் கொண்டால் இரு பிள்ளைகளும் ஒரே நிலையில்தான் நிற்கின்றனர்.

அங்ஙனமாயின், இவ்விருவரையும் இணைக்கும் அறம் யாது? இருவரும் அரசின் ஆணையால் இடம் பெயர்ந்தவர்கள் என்பதே அது. படைத்தலைமை ஆணையிட்டால் வீரரின் குடும்பம் மாநிலம் விட்டு மாநிலம் செல்கிறது. அரசுக் கல்லூரிகளோ தம் மாநிலத்தாரிடம் குறைந்த கட்டணமும் வெளியாரிடம் மிகுந்த கட்டணமும் பெறுவன. ஆணைக்கு அடங்கிப் பெயர்ந்தவரை அயலாராகக் கருதுதல் தகாது என்பதை உணர்ந்தே, 2008ஆம் ஆண்டின் நடுவண் சட்டம், 30 நாளுக்கு மேற்பட்ட பணியாணையுடன் ஒரு மாநிலத்தில் அமர்த்தப்பட்ட வீரரிடமும் அவர்தம் துணைவர், பிள்ளைகளிடமும் உள்மாநிலக் கட்டணத்துக்கு மேல் பெறலாகாது என்று விதித்தது.

அரசின் பொறுப்பில் வளரும் பிள்ளையின் நிலையும் இதுவே. வழக்குமன்றத்தின் ஆணை அவனை வீட்டினின்று பிரிக்கிறது. அலுவலரின் முடிவு ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புகிறது. காப்பாற்றுவதற்காகவே பிரித்தனர் என்பது மெய்யே. எனினும், பெற்றோரை விலக்கி அவர் இருக்கையில் அமர்ந்தவர் பெற்றோரின் கடமையையும் ஏற்றவரே ஆவர். பதினெட்டு வயது நிறைந்த நாளில், “என் பணி முடிந்தது, நீ போகலாம்” என்று மகனிடம் கூறும் தந்தையை உலகம் என்னவென்று சொல்லும்?

இங்கு ஒரு மறுப்பு எழும். பெற்றோருடன் வாழும் ஏழைப் பிள்ளை என்ன பிழை செய்தான்? கூலித் தொழிலாளியின் மகனுக்கும் கட்டணம் சுமைதானே? இம்மறுப்பைத் தள்ளிவிட இயலாது. திருவள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தார். உதவுதலின் வகைகளைப் பகுத்தறியும் அந்த நோக்கு இங்கும் வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு உதவுவது சமுதாயத்தின் ஒப்புரவு. அரசால் இடம் பெயர்ந்த பிள்ளைக்குத் தருவது அரசின் கடன். கடனைத் தீர்ப்பது ஒப்புரவுக்குத் தடையாகாது. ஒப்புரவைக் காட்டிக் கடனை மறுப்பதும் முறையாகாது.

கடன் என்றால் அதனைத் தன் பையிலிருந்தே தீர்த்தல் வேண்டும். டெக்சஸில் 2009ஆம் ஆண்டு விரிவாக்கத்துக்குப் பின், கட்டண விலக்கால் குறைந்த வருவாயின் பெரும்பகுதியைக் கல்லூரிகளே தாங்க நேர்ந்தது. அச்சுமை பிற மாணவர்மீது விழுமோ என்ற கவலையும் எழுந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது கடன் தீர்த்தலாகாது.

கட்டணத்தை நீக்குவதோடு கடன் தீர்ந்துவிடுமா? விடுமுறையில் விடுதி மூடப்படும்போது மாணவரெல்லாம் வீடு செல்வர். வீடே இல்லாதவன் எங்குச் செல்வான்? இதனை உணர்ந்த கல்லூரிகளும் உள. கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் அரசுப் பல்கலைக்கழகம் 1998ஆம் ஆண்டிலும், மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டிலும் இம்மாணவர்க்கெனத் தனித் திட்டங்கள் தொடங்கின. கட்டணத்தோடு தங்குமிடத்தையும் அறிவுரை கூறும் துணையையும் அவை கருத்தில் கொண்டன. பெற்றோர் செய்வது இதுதானே?

தந்தையிடம் கல்லூரிக் கட்டணம் கேட்கும் மகன் தலைகுனிவதில்லை. கொடுக்கும் தந்தையும் தன்னை வள்ளல் என்று சொல்லிக் கொள்வதில்லை. அரசுக்கும் அதன் பிள்ளைகளுக்கும் இடையே அந்த இயல்பு அமையும்போதுதான், கொடுக்கப்படுவது கொடையன்று, கடன் என்பதை இருவரும் உணர்ந்தவராவர்.