வழித்துணையின் அறம்

துன்பம் வந்தவிடத்துத் துணை வேண்டும் என்பதை எவரும் ஒப்புவர். ஆயின், அத்துணையாக நிற்கத் தக்கவர் யார், அவர் நிற்க வேண்டிய எல்லை யாது என்னும் வினாக்களுக்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. அரிய நோய்களால் வருந்துவோர் தமக்கென அமைத்துக்கொண்ட சங்கங்களில் இவ்வினாக்கள் அடிக்கடி எழுகின்றன. நெடுநாள் நோயுற்றவரோ, நோயுற்ற குழந்தையை வளர்த்தவரோ, புதிதாக வருவோர்க்கு ஊதியம் கருதாத வழிகாட்டியாக அங்கே முன்வருகின்றார். தாம் பட்ட துன்பமே பிறரை வழிநடத்தும் தகுதியை ஒருவருக்குத் தந்துவிடுமா?

அரிய நோய் என்பது எண்ணிக்கை பற்றி எழுந்த பெயர். 2,000 பேரில் ஒருவருக்கு மேல் காணப்படாத நோயை ஐரோப்பிய ஒன்றியம் இவ்வாறு வகுத்துள்ளது. தனித்தனியே நோக்கின் அரியனவாயினும் இந்நோய்களின் வகை 6,000-க்கு மேற்படும். உலகெங்கும் இவற்றால் வருந்துவோர் ஏறத்தாழ 30 கோடியினர் என மதிப்பிடப்படுகின்றது. இவற்றுள் பெரும்பாலானவை மரபணுவழி வருவன. நோயின் பெயரை அறிவதற்கே சிலருக்கு ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன.

இந்நிலையில்தான் குடும்பங்கள் ஒன்றையொன்று தேடிச் சென்றன. தம் மகனின் நரம்பு நோய்க்கு ஆய்வில் இருந்த மருந்து, வாங்குவோர் சிலரே என்னும் காரணத்தால் கைவிடப்பட்டதைக் கண்டார் அப்பி மேயர்ஸ் என்னும் அமெரிக்கத் தாய். அவர் பிற நோயாளர் குழுக்களோடு சேர்ந்து குரல் கொடுத்தார். அரிய நோய் மருந்துகளுக்கான தனிச்சட்டம் 1983-இல் அந்நாட்டில் பிறந்தது. மலேசியாவில் 2004-இலும் சிங்கப்பூரில் 2011-இலும் அரிய நோயாளர்க்கான சங்கங்கள் தோன்றின.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என நான்கு கூறாகப் பகுக்கின்றது. அரிய நோயில் இவற்றுள் இரண்டு குறைபட்டு நிற்கின்றன. பெரும்பாலான அரிய நோய்களுக்கு உரிய மருந்து இன்னும் இல்லை. அந்நோயை முன்பே கண்டு பழகிய மருத்துவரும் மிகச் சிலர். ஆகவே அருகிருந்து உதவுபவர் மேல் சுமை மிகுகின்றது. வழிகாட்டி வந்து நிற்கும் இடம் இதுவே.

அவர் தருவது யாது? கோஷே என்னும் நோயை எடுத்துக்கொள்வோர்க்கு இது விளங்கும். இந்நோயில் உடலுக்கு வேண்டிய நொதி ஒன்று குறைவதால் மண்ணீரலும் கல்லீரலும் வீங்குகின்றன. 1991 முதல் அந்நொதியையே மருந்தாகப் பலருக்கு இரு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தக் குழாய்வழிச் செலுத்தி வருகின்றனர். மருந்தின் செயலை மருத்துவர் விளக்குவார். மருந்து ஏறும் நேரமெல்லாம் குழந்தையை எவ்வாறு அமைதிப்படுத்துவது, அடிக்கடி விடுப்பு வேண்டுவதைப் பள்ளியில் எவ்வாறு எடுத்துரைப்பது, கவனிப்பாரின்றி ஏங்கும் உடன்பிறந்த பிள்ளையை எவ்வாறு தேற்றுவது என்பனவற்றைப் பட்டறிந்தவரே சொல்ல வல்லார்.

இதனினும் பெரிய உதவி ஒன்றுண்டு. குழந்தைக்கு இத்தகைய நோய் வந்தால் தாயின் மேல் பழி சுமத்தும் வழக்கம் பல குடும்பங்களில் உள்ளது. கோஷே நோயிலோ பொதுவாகத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வருகின்றது. இருவரும் அதனைத் தாங்கியிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதனை மருத்துவர் சொல்லும்போது அது செய்தியாகச் செவியில் விழும். அதே பழியைச் சுமந்து மீண்ட மற்றொரு தாய் சொல்லும்போது அது விடுதலையாக நெஞ்சில் விழும்.

ஆயினும், இவ்வாற்றலிலேயே ஆபத்தும் இருக்கின்றது. ஒரே பெயருடைய நோய் ஒரே வயிற்றில் பிறந்த இருவரிடத்தும் ஒரே வகையாக நடப்பதில்லை. தமக்குப் பயன்பட்டது பிறர்க்கும் பயன்படும் என்று கருதி மருந்தை மாற்றச் சொல்பவர், தம் வாழ்வை மற்றவர் உடல்மேல் எழுத முற்படுகின்றார். மேலும், தசை நலியும் நோயுற்ற சிறுவனுக்குச் சக்கர நாற்காலியில் வரும் வழிகாட்டி தன் நாளையே எதிரில் வந்தது போல் தோன்றக்கூடும். அங்கே பொய்ந்நம்பிக்கை ஊட்டுவதும் பிழை. கேளாத எதிர்காலத்தை விரித்துரைப்பதும் பிழை. கேட்ட அளவுக்கு மெய் உரைத்து, கேளாதவிடத்து உடனிருப்பதே முறை.

மறை காத்தலும் இங்குக் கடினமான அறமாகின்றது. ஒரு மாநிலத்தில் ஒரு நோயுடையார் இருவரோ மூவரோ எனின், பெயரை மறைத்தாலும் நோயைச் சொன்ன அளவிலேயே ஆள் விளங்கிவிடும். ஒரு பெண்ணின் திருமணம் தடைப்படுவதற்கு அச்சொல் ஒன்றே போதும்.

இத்துணை இடர் உண்டெனில் இப்பணியை முழுமையும் மருத்துவர்க்கே விட்டுவிடலாகாதா என்பார் உளர். நோயின் இயல்பை அறிந்த மருத்துவர், நோயோடு வாழ்ந்தவராக இருத்தல் அரிது. இருவர் அறிவும் வெவ்வேறு. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. வழிகாட்டிக்குப் பயிற்சியும், ஐயம் எழுந்தால் கேட்டறிய மருத்துவர் ஒருவரும், இளைப்பாற இடமும் சங்கம் அளித்தல் வேண்டும். அவரும் நோயாளரே, தம் குழந்தையை இழந்த தாயாகவும் இருக்கலாம். ‘இனி இயலாது’ என்று அவர் விலகும் நாளில் அதனைக் குறையாகக் கொள்ளாமை சங்கத்தின் கடன்.

எனவே, துன்பம் ஒருவருக்குத் தருவது பிறர் வீட்டு வாயிலில் நிற்கும் உரிமை மட்டுமே. உள்ளே அழைக்க வேண்டியவர் நோயுற்றவர். அழைத்தபின் தம் கதையைச் சுருக்கி அவர் கதையைக் கேட்பவரே வழித்துணை எனப்படுவர். அவர் தனியே நடக்கத் தொடங்கும் நாளில் கையை விட்டுவிடுவதும் அவ்வழித்துணையின் கடமையேயாம்.