உயிரின் உரிமை

 

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் என்னும் ஊர் உள்ளது. அங்குத் திருக்குணகிரிப் பாறையில், கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. உடன் காணும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் அச்சணந்தி அடிகளின் பெயரும் உண்டு. அங்கு நின்ற கோலத்தில் விளங்கும் திருவுருவங்களின் நிலையைக் காயோற்சர்க்கம் என்கின்றோம். காயமாகிய உடலை ‘நான்’ என்று கொள்ளாது விடுத்து நிற்றல் என்பது அதன் பொருள்.

கல்லில் வணங்கும் இப்பொருளை இல்லத்தில் போற்றுகின்றோமா என்பதே இன்றைய சிந்தனை. நடக்க இயலாத இளைஞர், பார்வையற்ற பெண், பேச்சுத் தடைப்பட்ட பெரியவர் ஆகியோர் நம் குடும்பங்களிலும் உள்ளனர். உணவும் மருந்தும் குறைவின்றி அளிக்கின்றோம். ஆனால் வீட்டுக்கு வந்தவர், “இவர் என்ன சாப்பிடுவார்?” என்று பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்கின்றார். படிப்பு, தொழில், திருமணம், சொத்து ஆகிய எல்லாவற்றிலும் முடிவு பிறர் கையில். காரணம் கேட்டால், “முன்வினை” என்று ஒரே சொல்லில் முடித்து விடுகின்றோம்.

வினையின் பெயரைச் சொல்வோர் அதன் வகையையும் அறிதல் வேண்டும். எண்வினைகளுள் நான்கு காதி, நான்கு அகாதி. உயிரின் குணங்களைக் கெடுப்பவை காதி வினைகள். உடலின் வடிவையும் உறுப்புகளையும் அமைக்கும் நாம வினையோ அகாதி; அது உயிரின் இயல்பான குணங்களைத் தீண்டுவதில்லை. கேவலஞானம் பெற்ற அருகனுக்கும் உடல் நீங்கும் வரை அகாதி வினைகள் உண்டன்றோ? அறிவை மறைக்கும் வினையோ நம் எல்லோரிடமும் உள்ளது. எந்த உயிரின் அறிவையும் அது முற்றிலும் மறைப்பதில்லை. ஆகவே, மெல்லப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கும் தன் விருப்பத்தைச் சொல்லும் உரிமை உண்டு.

“பிறர் உதவியின்றி எழவும் இயலாதவர்க்குத் தன்னுரிமை எங்ஙனம் அமையும்?” என வினவலாம். கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களே இதற்கு விடை கூறும். பென்னிகுயிக் கட்டி 1895இல் திறக்கப்பெற்ற முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்க வழியே வந்து, இங்கு 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை வாழ்விக்கின்றது. அணையை உழவர் தனியே கட்டவில்லை. நீரையும் தனியே கொணரவில்லை. ஆயினும் தம் வயலில் எந்த நெல்லை விதைப்பது என்பதை அவரே முடிவு செய்கின்றார். அவரை யாரும் பிறர் தயவில் வாழ்பவர் என்று இகழ்வதில்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதல் இயல்பு. துணை பெற்றவர் முடிவெடுக்கும் உரிமையை இழப்பதில்லை.

இதே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டித் தெற்கே சென்றால், தென்காசி மாவட்டத்து ஆய்க்குடி வரும். அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்தார். அவர் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, மாற்றுத்திறனாளிகளின் கல்விக்கும் மறுவாழ்வுக்கும் உழைத்தார். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உடலை அசைக்கப் பிறர் கை வேண்டியிருந்தது. பாதையைத் தெரிந்தெடுத்தது அவர் உள்ளமே.

நாட்டின் சட்டமும் இவ்வறத்தை ஏற்றுள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சமுதாயத்தின் நடுவே வாழும் உரிமையை அவர்களுக்கு உறுதி செய்து, இன்ன இடத்தில்தான் வாழவேண்டும் என்று கட்டாயப்படுத்தலாகாது என்கின்றது. 2025இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், உள்ளாட்சி மன்றங்களில் அவர்களை உறுப்பினராக நியமிக்க வழி செய்தது. ஊர்க் காரியத்தில் கருத்துச் சொல்லத் தக்கவர், தம் வீட்டுக் காரியத்தில் வாய் திறக்கலாகாதா?

உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நான்கு தானங்களை நாம் அறிவோம். 1975இல் ஜெய்ப்பூரில் தோன்றிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி, கால் இழந்தோர்க்குச் செயற்கைக் காலை இலவசமாக வழங்கி வருவதை நாம் பெருமையுடன் பேசுகின்றோம். காலை அளித்தபின், எங்கே நடப்பது என்று கட்டளையிடுதல் தகுமோ? “வேண்டாம் என்று சொன்னால் என்னைக் கவனிக்க மாட்டார்களோ?” என்னும் அச்சம், பிறரைச் சார்ந்து வாழ்வோர் பலரின் வாயை அடைத்துள்ளது. அவ்வச்சத்தை நீக்குவதே அவர்க்கு நாம் செய்யும் அபயதானம்.

ஆகவே அன்புடையீர், எதனையும் அவரிடமே கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். மாணவன் சொல்லி முடிக்குமுன் ஆசிரியர் தாமே விடையைச் சொல்லிவிடலாகாது என்று பயிற்சிப் பள்ளியில் நாம் கற்பித்து வந்தோம்; அது இல்லத்திற்கும் பொருந்தும். ஜினாலயத்திற்குச் சாய்தளப் பாதை அமையுங்கள். யாத்திரை புறப்படும்போது, “உன்னால் குன்றுக்கு வர இயலாது” என்று நீங்களே தீர்மானித்து விடாமல், “வர விருப்பமா? என்ன உதவி வேண்டும்?” என்று வினவுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதனையும் மதியுங்கள்.

எல்லா உயிரும் தன் வினையைத் தானே வென்று உயரவேண்டும் என்பது ஜினநெறி. அம்முயற்சிக்குத் தோள் கொடுப்போம். அதனை அவர் கையிலிருந்து பறியாதிருப்போம்.

அறம் வெல்க!