நூறு கெஜம்

சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியொன்றில் பி.ஏ. படிக்கையில், புகையிலை ஒழிப்புப் பற்றிய கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. வாங்கிய கையோடு கேட்டைத் தாண்டிப்போய் ஒரு சிகரெட் பற்ற வைத்தேன். எழுதியது பொய் என்று அன்று தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் நம்பித்தான் எழுதினேன். என் பிரச்னையே அதுதான். அறியாமையை ஒழிக்கக் கல்வி போதும். தெரிந்தே செய்கிறவனை அது என்ன செய்ய முடியும்?

2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது (நாடு மீட்டருக்கு மாறிய பின்னும் கெஜம்தான்). உள்ளே புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் மனசாட்சி செய்யவேண்டிய வேலையை இங்கே தூரம் செய்கிறது. எங்கே போய் நின்று புகைப்பது என்பதைத்தான் மாணவன் கற்றுக்கொள்கிறான். நான் கற்றுக்கொண்டேன்.

சென்ற மாதம் அச்சரப்பாக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் ஒருவர் எங்கள் வங்கிக்குக் கடன் கேட்டு வந்தார். “பள்ளிக்கூடத்துலேர்ந்து நூறு கெஜம் தாண்டித்தான் சார் கடை. அளந்து பாத்தாச்சு” என்றார். நான் கேட்கவில்லை, விண்ணப்பத்திலும் அப்படியொரு கேள்வி இல்லை. தாள்களைச் சரிபார்த்து மேனேஜருக்கு அனுப்பினேன். அவர் கடையில்தான் நானும் வாங்குகிறேன்.